ரோஸ் கலர் மெழுகுதிரி

"அம்மா, இண்டைக்கு ரோஸ் திரி. நான்தான் கொளுத்துவன்."

சின்னவன் தீப்பெட்டியோடு நின்றான். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முந்திய நான்கு வாரத் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. வெளியே மாரி மழை, கரண்டும் இல்லை.

ஞாயிறுக்கு ஒரு திரியாகக் கொளுத்தும் திருவருகை வளையம் எங்கள் வீட்டில் ஒரு பித்தளைத் தாம்பாளம்தான். மட்டக்களப்பு, கல்லடிக் கடற்கரையில் பொறுக்கிய சவுக்குக் குழையைச் சுற்றி வைத்து மூன்று ஊதா, ஒரு ரோஸ். இந்த முறை ரோஸ் திரி கடையில் இல்லை. மகள் தன் தலை ரிப்பனை அவிழ்த்து ஒரு வெள்ளைத் திரியின் அடியில் கட்டிவிட்டாள். பக்கத்தில் முதல் வாரத்து ஊதாத் திரி கட்டைவிரல் உயரத்துக்கு உருகிக் கிடந்தது.

ஊதா மனமாற்றத்துக்கு, ரோஸ் மகிழ்ச்சிக்கு. அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"ஆண்டவராகிய இயேசுவே, வாரும்" என்று மூவரும் சொன்னோம். அப்புறம் ஆளுக்கொரு மன்றாட்டு. சின்னவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "நவலடி அம்மம்மாவுக்காக" என்றான்.

அவன் அவவைக் கண்டதே இல்லை. 2004 நத்தாருக்கு மறுநாள் காலை கடல் கொண்டுபோனது என் அம்மாவை. அதற்குப் பிறகு பல வருசம் டிசம்பர் வந்தாலே எனக்கு ஜெபம் வராது. இந்தப் பிள்ளைகளோடு உட்காரத் தொடங்கிய பிறகுதான் வாய் திறந்தது.

"நத்தாருக்கு அவவும் வருவாவா அம்மா?"

"நாம செபிக்கிற இடத்தில அவவும் இருப்பா மனே."

சரி என்று தலையாட்டினான்.

கரண்ட் வந்தது. திரியை யாரும் ஊதவில்லை.