ஏரிக்கரையின் வெளிப்பக்கம்

எங்கள் ஊர் ஏரிக்கரையில் நடைபாதை போடப்போகிறார்கள். கூடவே சிமெண்ட் பெஞ்சு, விளக்குக் கம்பம், தண்ணீர் இருக்கும் மாதங்களில் மிதிபடகு. மன்னார்குடி வழியாக வடுவூருக்குப் பறவை பார்க்கப் போகிற கூட்டம் இந்தப் பக்கமும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போகட்டும் என்று ஊரில் எல்லாருக்கும் ஆசை. எனக்கும்தான். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுக் காற்று வாங்கவோ, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவோ இங்கே வேறு எந்த இடம் இருக்கிறது?

ஆனால் திட்டத்தை விளக்கிய கூட்டத்தில் காட்டிய படங்கள் எல்லாமே தண்ணீரைப் பார்த்தபடி வரைந்தவை. கரை சரிந்து இறங்கி வயலையும் தெற்குத் தெருவையும் தொடுகிற வெளிப்பக்கம் ஒரு படத்தில்கூட இல்லை. ஒரு மண்கரைக்கு உடம்பு சரியில்லை என்றால் அது முதலில் தெரிவது அந்தப் பக்கத்தில்தான்.

அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். மதகு திறப்பது, மூடுவது, கரையைச் சுற்றி வருவது, இதுதான் வேலை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் ராத்திரியில் டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாகக் கிளம்பிவிடுவார். பள்ளிக்கூடம் லீவு விட்ட நாட்களில் நானும் கூடப் போவேன். கரை மேலே நடக்க விடமாட்டார். "மேல நடந்தா ஏரிதான் தெரியும். கீழ நட, கரை தெரியும்" என்பார்.

வெளிச்சரிவு முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். மண் திடீரென்று சில்லென்றோ சதசதவென்றோ காலில் பட்டால் நின்றுவிடுவார். சின்னதாக ஊற்றுக் கண் தெரிந்தால் குத்தவைத்து உட்கார்ந்து, அந்த நீரை உள்ளங்கையில் அள்ளி டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பார். தெளிவாக இருந்தால் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு நகர்வார், அடுத்த சுற்றில் திரும்பப் பார்க்க. கலங்கலாக இருந்து, கையில் மண் தங்கினால் அன்று ராத்திரி யாருக்கும் தூக்கம் கிடையாது. ஆள் அனுப்பித் தெருவையே எழுப்பிவிடுவார்.

காரணம் எளிது. மண்கரை என்றால் கொஞ்சம் கசிவு இருக்கத்தான் செய்யும். தெளிந்த நீர் வெறும் நீர். கலங்கிய நீர் கரையின் உள்மண்ணை அரித்து எடுத்துக்கொண்டு வருகிறது. துளை வெளிப்பக்கத்தில் ஆரம்பித்து உள்ளே ஏரியை நோக்கி நீளும். அது ஏரித் தண்ணீரை எட்டிவிட்டால் அப்புறம் சில மணி நேரத்திலேயே கரை உட்கார்ந்துவிடும். களிமண்ணை அப்பி வாயை அடைத்துவிடலாம் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அப்பா சம்மதிக்க மாட்டார். இங்கே அடைத்தால் வேறு இடத்தில் பீறிக்கொண்டு வரும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டையை வளையமாக அடுக்கி, உள்ளே ஆற்றுமணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி போடச் சொல்வார். தண்ணீர் வரும், மண் வராது. வளையத்துக்குள் நீர் ஏற ஏற ஊற்றின் வேகமும் குறையும்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். அந்த வெளிச்சரிவு முழுக்கப் பூஞ்செடியும் நிழல் மரமும் நடப்போகிறார்களாம். செடி மண்டிய சரிவில் எந்த லஸ்கர் வந்து ஊற்றுக் கண்ணைத் தேடுவார்? ஏற்கெனவே நெய்வேலிக் காட்டாமணக்கும் சீமைக்கருவேலமும் பாதிக் கரையை மறைத்துக்கொண்டிருக்கின்றன. எலியும் நண்டும் அதற்குள் வளை தோண்டினால் வெளியே தெரியவே தெரியாது.

மரம் நடுவது நல்ல காரியம் இல்லையா என்று கேட்பீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா அடித்து ஓய்ந்த பிறகு எங்கள் கரைக்குப் போய்ப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். கரை மேலே இருந்த தூங்குமூஞ்சி மரங்கள் வேரோடு சாய்ந்து, ஒவ்வொன்றும் ஒரு மாட்டு வண்டி அளவு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு கிடந்தன. அந்தக் குழிகளைக் கெட்டித்து மூடும் வரை அடுத்த மழை வந்துவிடுமோ என்று வயிற்றில் புளியைக் கரைத்தது. சாயாமல் நிற்கிற மரத்திலும் ஆபத்து உண்டு. பட்டுப்போன மரத்தின் வேர் உள்ளே மக்கினால் அந்த இடம் தண்ணீருக்குக் குழாய் மாதிரி ஆகிவிடும். கரைக்கு ஏற்றது அருகம்புல்தான். மண்ணைப் பிடித்துக்கொள்ளும், எதையும் மறைக்காது. பறவைக்கு மரம் வேண்டும் என்றால் ஏரிக்கு உள்ளே திட்டுப் போட்டு நாட்டுக்கருவேலம் நடலாம். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் பறவைக்கும் பயமில்லாத இடம்.

இதைவிடப் பெரிய கவலை எனக்குப் படகுதான். படகு விட வேண்டும் என்றால் ஏரி எப்போதும் தளும்பிக்கொண்டு இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். பாசன ஏரிக்கு வடகிழக்குப் பருவமழை சமயத்தில் காலி இடம் வேண்டும். ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிந்து வெளியேறுகிற கலிங்கின் மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவில் இருக்கிற உயரத்தை நம்பித்தான் கீழே தெற்குத் தெரு படுத்துத் தூங்குகிறது. மண்கரையின் தலைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் அது வெளிச்சரிவை அறுத்துக்கொண்டே போகும். கான்கிரீட் மாதிரி தாக்குப்பிடிக்காது. 2008 நிஷா புயல் மழையில் எங்கள் கலிங்கின் வாயில் வெங்காயத்தாமரையும், மீன் வெளியே போகாமல் இருக்க யாரோ கட்டியிருந்த வலையும் சேர்ந்து அடைத்துக்கொண்டன. இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அரிவாளால் அறுத்து எடுத்தார்கள். நான் கரையில் நின்று விளக்குப் பிடித்தேன். அதற்கு அப்புறமும் வருஷா வருஷம் வலை கட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்று ஒரு மண் அணை இருந்தது. கால்வாய்க்காகக் கட்டி, பிறகு பணக்காரர்களின் மீன்பிடி கிளப் ஒன்று வாங்கிய அணை. கார்னகி மாதிரியான கோடீசுவரர்கள் அதில் உறுப்பினர்கள். குதிரை வண்டி போக வசதியாகக் கரை உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பிக்காமல் இருக்க வடிகால் வாயில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். நீரை இறக்கும் அடிக்குழாய்களைக் கிளப் வாங்குவதற்கு முன்பே யாரோ கழற்றி விற்றிருந்தார்கள். அவற்றைத் திரும்பப் பொருத்தவே இல்லை. 1889 மே 31 அன்று பெருமழையில் தண்ணீர் கரை மேல் வழிந்து, அணை உடைந்து, 22 கிலோமீட்டர் கீழே இருந்த ஜான்ஸ்டவுனில் 2,200க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். தாழ்ந்த கரை, மீனுக்காக அடைத்த வடிகால், இறக்க வழியில்லாத தண்ணீர். எங்கள் ஏரியோடு ஒப்பிட்டால் அது பிரம்மாண்டமான அணை. ஆனால் அங்கே செய்தது ஒன்றுவிடாமல் இங்கேயும் செய்யக்கூடியதுதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிராவில் ரத்னகிரி மாவட்டத்துத் திவரே அணை உடைந்து வீடுகளை அடித்துக்கொண்டு போனது. அதுவும் மண் அணைதான். நண்டுகள்தான் காரணம் என்று அங்கே ஒரு அமைச்சர் சொன்னார். கசிகிறது என்று முன்பே சொல்லியிருந்தோம் என்றார்கள் ஊர்க்காரர்கள். நண்டு வளையால் கரைக்கு ஆபத்து என்பது உண்மை. ஆனால் வளையைத் தேடி அடைப்பது மனுஷன் வேலை.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையிலான அணைகளுக்கும்தான். எங்கள் கரை இரண்டு ஆள் உயரம். அந்தச் சட்டம் சொல்கிற ஆய்வும் அவசரகாலத் திட்டமும் இதற்கு வராது. அதனால் ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கிராம சபையில் நான் கேட்கப்போவதை இங்கேயே எழுதிவிடுகிறேன். நடைபாதை போடுங்கள், ஆனால் கரை உச்சியை ஓர் அங்குலம்கூடச் செதுக்காதீர்கள். முதலில் உச்சியை மட்டம் பார்த்து, டிராக்டர் ஏறி ஏறி அமுங்கிப்போன இடங்களில் மண் போட்டுக் கெட்டியுங்கள், தண்ணீர் முதலில் வழிவது பள்ளமான இடத்தில்தான். கோடையில் களிமண் வெடித்திருக்கும் இடங்களை மழைக்கு முன் கொத்தி, நனைத்து, இறுக்குங்கள். இலவசமாக வண்டல் எடுக்க வருகிறவர்களைக் கரையின் அடியிலிருந்து தள்ளியே வெட்டச் சொல்லுங்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கலிங்கில் வலையும் கூடாது, தண்ணீரைத் தேக்க மணல் மூட்டையும் கூடாது. படகு விட வேண்டும் என்றால் தை பிறந்து மழை நின்ற பிறகு விடலாம். மதகின் திருகுக்கம்பிக்கு வருஷம் ஒருமுறை கிரீஸ் போட்டு, ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

நடைபாதையை ஒரு சுற்றாக வைக்கலாம் என்பது என் யோசனை. போகும்போது மேலே, திரும்பும்போது வெளிச்சரிவின் அடியில். கீழே நிலம் கொஞ்சம் பட்டா நிலமாக வருகிறது என்று கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னார், அதைப் பேசிக்கொள்ளலாம். தினமும் நடக்கிறவர்கள் அந்தப் பக்கமாக வந்தால், நேற்று இல்லாத ஈரம் இன்று இருந்தால் யாராவது ஒருவர் கண்ணிலாவது படும். மதகுக்குப் பக்கத்தில் ஒரு போர்டில் லஸ்கரின் கைபேசி எண்ணையும், கலங்கலாகத் தண்ணீர் வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று ஒரு வரியையும் எழுதி வைக்க வேண்டும். போர்டுக்கான செலவு என்னுடையது என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன்.