ஒரே பில்லில் தண்ணீரும் மின்சாரமும்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் மின்சாரம் நின்றால் மோட்டாரும் நின்றுவிடும். அம்மா உடனே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் வாயில் கட்டி வடிகட்ட ஒரு வெள்ளைத் துணியுடன் தெருக் கைப்பம்புக்குக் கிளம்புவார். இங்கே இரண்டுக்கும் தனித்தனி வாரியங்கள். லாஸ் ஏஞ்சலீஸிலோ நகரத்துக்கே சொந்தமான ஒரே துறை இரண்டையும் வழங்கி, ஒரே பில்லாக அனுப்புகிறது. லாபம் கேட்கும் பங்குதாரர்கள் கிடையாது. 1913இல் திறக்கப்பட்ட அதன் கால்வாய், ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரைப் பம்பு ஏதுமின்றிச் சரிவிலேயே சுமார் 375 கிலோமீட்டர் கொண்டுவருகிறது; வழியில் இறங்கும் நீரிலிருந்தே மின்சாரமும் எடுக்கிறார்கள். (அதனால் ஓவன்ஸ் ஏரி வறண்டுபோனதையும் சொல்லியாக வேண்டும்.) எங்கள் காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு மின்சாரம்தான் உயிர், இரண்டையும் சேர்த்தே திட்டமிடும் பொது அமைப்பு இங்கும் வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.