சோறு ஆர் குடுத்தது, சேர்?

ஒட்டுசுட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் வரலாறு படிப்பித்த காலத்தில், பிள்ளைகளுக்கு 1803 என்ற ஆண்டு மட்டும் புத்தகத்தைத் திறக்காமலே வரும். வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த ஆண்டு. நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின் வாங்கிலில் இருந்து யாராவது 'ஓகஸ்ட் 25' என்பார்கள். அதே ஆண்டு கண்டியில் என்ன நடந்தது என்று கேட்டால் சத்தம் இல்லை. எனக்கோ இந்த இரண்டையும் பிரித்துப் படிப்பிக்க ஒருநாளும் மனம் வந்ததில்லை.

அந்த ஆண்டு பெப்ரவரியில் கொழும்பிலிருந்து ஒரு படையும் திருகோணமலையிலிருந்து ஒரு படையுமாக ஆங்கிலேயர் கண்டிக்குள் நுழைந்தார்கள். நகரத்தில் ஆள் இல்லை. அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் முன்னமே வெளியேறிவிட்டான். வந்தவர்கள் முத்துசாமி என்பவரை அரியணையில் இருத்தி, காவலுக்குக் கொஞ்சப் படையையும் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். முத்துசாமியின் ஆட்சி அந்தக் காவற்படையின் துவக்கு எட்டும் தூரம் வரைதான். அதற்கு அப்பால் ஊர்களில் அவரை அரசனென்று ஒருவரும் கணக்கெடுக்கவில்லை.

கண்டி அரசனிடம் சம்பளப் படை மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் கிராமத்து ஆட்கள். ராஜகாரியம் என்ற, நிலத்துக்குக் கைமாறாக அரசனுக்குச் சேவை செய்யும் ஏற்பாட்டின்படி முறைவைத்து வந்து நிற்பார்கள், முறை முடிந்தால் வீட்டுக்குப் போவார்கள். நேருக்கு நேர் மோதாமல் காட்டுப் பாதைகளை மறித்தார்கள். உள்ளே அடைபட்டவர்களைக் காய்ச்சல் தின்றது. ஜூன் 24ஆம் திகதி காவற்படைத் தலைவர் மேஜர் டேவி சரணடைந்து வெளியேறினார். மகாவலியைக் கடக்க வழியில்லை. முத்துசாமியை ஒப்படைத்தார், அவர் கொல்லப்பட்டார். படையில் பெரும்பாலானோருக்கும் அதே கதிதான்.

இதைச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு நாளில்தான் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழும்பிக் கேட்டது: "காட்டுக்க நிண்ட ஆக்களுக்குச் சோறு ஆர் குடுத்தது, சேர்?"

இந்தக் கேள்வி கொழும்புப் பள்ளிக்கூடத்தில் வருமோ தெரியாது. 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் இவர்கள். படை என்றால் அவர்களுக்கு முதலில் நினைவு வருவது துவக்கு இல்லை, அரிசி. கண்டிக்காரர் முறைக்கு வரும்போது தங்கள் சாப்பாட்டைத் தாங்களே கட்டிக்கொண்டு வந்தார்கள் என்றேன். "அப்ப முடிஞ்சா வீட்டதான் போவினம்" என்றான் ஒரு பெடியன். சரியாகப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வன்னிப் பாடத்தையும் சோற்றிலிருந்தே தொடங்கினேன். ஓகஸ்ட் என்றால் நமக்கு என்ன? சிறுபோக வெட்டு. ஒக்டோபர் கடைசி? "காலபோக விதைப்பு, சேர்!" முல்லைத்தீவில் அடி வாங்கிய ஆங்கிலேயர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கமாகப் படை அனுப்பினார்கள். மன்னாரிலிருந்து வந்த கப்டன் டிறிபேர்க் ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் வன்னியனின் ஆட்களைத் திடீரென்று தாக்கி உடைத்தான். வெட்டு முடிந்து சேர்ந்த கூட்டம், மழை விழுந்ததும் வயலை நினைத்திருக்காதா? இது எங்கள் வகுப்பறை ஊகம், சோதனையில் எழுதிவிடாதையுங்கோ என்றும் சொல்லி வைத்தேன். ஆனால் கமக்காரனைப் போராளியாக்கினால் அவனுடைய நாட்காட்டியும் கூடவே வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கண்டிக்கு மலையும் சனத்தொகையும் இருந்தன. வன்னியில் குளங்களும் காடும்தான், சனம் கொஞ்சம். மூன்று பக்கமும் கடற்கரைக் கோட்டைகள்.

ஊரில் இந்தத் தோல்விக்குச் சொல்லும் காரணம் வேறு: காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்தான். நாட்டுக்கூத்தாகவும் நாடகமாகவும் பார்த்துப் பார்த்து அது இரத்தத்தில் ஊறிவிட்டது. நான் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கணக்குத்தான் கேட்பேன். யாழ்ப்பாண அரசன் சங்கிலியைப் போர்த்துக்கேயரிடம் காட்டிக்கொடுத்தவனும் காக்கை வன்னியன் என்றுதானே பழைய கதை? சங்கிலி பிடிபட்டது 1619இல். இது 1803. அந்த மனிசனுக்கு அப்போது என்ன வயது? வகுப்பு சிரிக்கும். ஒரு தகப்பன் மட்டும் பள்ளிக்கூடத்துக்கே வந்து, "துரோகியே இல்லையெண்டு படிப்பிக்கிறியளாம் மாஸ்ரர்" என்று கேட்டுவிட்டுப் போனார். துரோகி இல்லையென்று நான் சொல்லவில்லை. எல்லாத் தோல்விக்கும் ஒரே ஆளைக் கூப்பிட்டால் அரிசியையும் மழையையும் பாதையையும் பற்றி யோசிக்கத் தேவையில்லாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

கற்சிலைமடுவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். இங்கேதான் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று ஆங்கிலேயர் காலத்தில் கல் நட்ட இடம். வென்றவன் பெருமைக்கு நட்ட கல் இல்லாவிட்டால் தோற்றவன் நின்ற இடம் நமக்குத் தெரிந்திராது என்பது வேடிக்கைதான். பண்டாரவன்னியன் அந்த இடத்தில் சாகவில்லை, தப்பிப் பிறகும் சில வருடம் இருந்தான் என்று நான் சொன்னபோது நம்ப மாட்டோம் என்று நின்றவர்களும் உண்டு.

பரிசளிப்பு விழாவில் பண்டாரவன்னியன் நாடகம் போடாத வருடம் குறைவு. ஒருமுறை பிரதியைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. காக்கை வன்னியனின் காட்சியைக் குறைத்து, இரவில் பெண்கள் காட்டுக்குச் சோறு காவுகிற காட்சி ஒன்றைச் சேர்த்தேன். நாடகம் பழக்கிய ஆசிரியர் "சனம் ரசிக்காது, அண்ணை" என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது. காக்கைக்குக் கூக்குரல் கூரையைப் பிரித்தது, சோற்றுப் பெட்டியோடு பிள்ளைகள் வந்தபோது முன்வரிசையில் தேத்தண்ணி பரிமாறத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வருடமும் அந்தக் காட்சியை விடாமல் வைத்தேன்.