டிமிட் கோப்புகளில் ஒளிந்திருந்த 32 மில்லிநொடி

டிமிட் (TIMIT) என்ற ஆங்கிலப் பேச்சுப் பதிவுத் தொகுப்பை வேவ் (.wav) ஒலி வடிவத்துக்கு மாற்றப் போகிறீர்களா? யாரோ ஏற்கெனவே மாற்றி வைத்த நகலைக் கொடுத்தால் வாங்காதீர்கள். எனக்கு ஆய்வகத்தில் அப்படி ஒன்றைத்தான் கொடுத்தார்கள். அதில் போன நேரத்தை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

தமிழ் வல்லினங்களில் அடைப்பு வெடித்து, குரல்நாண் அதிரத் தொடங்கும் வரையுள்ள இடைவெளியை அளக்க ஒரு நிரல் எழுதியிருந்தேன். நம் பதிவுகளில் ஓட்டும் முன் விடை தெரிந்த தொகுப்பு ஒன்றில் சோதிக்க வேண்டும். அதற்கு டிமிட் வசதியானது: 630 அமெரிக்கர்கள், ஆளுக்குப் 10 வாக்கியம். ஒவ்வொரு ஒலியின் எல்லையையும் ஆட்களே சரிபார்த்த குறிப்புக் கோப்பு உண்டு. வெடிப்பொலியில் அடைப்பையும் வெடிப்பையும் தனித்தனியாகவே குறித்திருப்பார்கள்.

அந்த நகலில் என் நிரல் தந்த அளவெல்லாம் தாறுமாறு. பிராட் என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் திறந்து குறிப்பைப் பொருத்தினால் எல்லாக் கோடுகளும் ஒலிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றன. ஒரு பெண்ணின் பதிவு 'ஷீ' என்று தொடங்கும். குறிப்பின்படி அந்த உரசல் 3050ஆவது மாதிரியில் (நொடிக்கு 16000 முறை ஒலியை அளந்த புள்ளிகள்தான் மாதிரி), அதாவது சுமார் 191 மில்லிநொடியில் தொடங்க வேண்டும். அலையில் அது 223இல்தான் வந்தது. போதாததற்கு ஒவ்வொரு கோப்பின் ஆரம்பத்திலும் 'கிர்க்' என்று ஒரு சத்தம்.

தொழில்நுட்ப உதவியாளரிடம் காட்டினேன். "பிளேயர்ல ஓடுதுல்ல? அப்புறம் என்னம்மா? உங்க ப்ரோக்ராம்தான் தப்பா இருக்கும்" என்றார். மூல வட்டைக் கேட்டால், அது கெட்டுப்போனது, எதிலும் திறக்காது என்றார். கையெழுத்து வாங்கி வரச் சொல்லி அலைக்கழித்துவிட்டு, கடைசியில் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வட்டு நன்றாகத்தான் இருந்தது. டிமிட் கோப்புகளின் பெயர் வேவ் என்று முடியும். உள்ளே இருப்பதோ அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டின் ஸ்ஃபியர் வடிவம். பெயரை நம்பித் திறக்கும் பிளேயர் திணறுவது இதனால்தான். எழுத்துத் தொகுப்பானில் திறந்தால் முதல் 1024 பைட்டும் படிக்கக்கூடிய ஹெடர், அதாவது கோப்பின் விவரம் சொல்லும் முகப்பு: மாதிரி வீதம் 16000, மாதிரிக்கு 2 பைட், பைட் வரிசை எல்லாம் வரிசையாக எழுதியிருக்கும். முன்பு மாற்றியவர் இதைப் பார்க்காமல் கோப்பை முழுசாகக் 'கச்சா ஒலி' (ஹெடரே இல்லாத வெறும் ஒலி) என்று இறக்குமதி செய்திருக்கிறார். ஹெடரின் எழுத்துகளும் ஒலியாகிவிட்டன; அதுதான் அந்தக் 'கிர்க்'. 1024 பைட் என்றால் 512 மாதிரி. 16000 வீதத்தில் சரியாக 32 மில்லிநொடி. சொற்களைப் பிரிப்பவருக்கு அது பொருட்டே இல்லை. வெடிப்பை அளக்கிறவளுக்கு அதுவே பாதி விடையைத் தின்றுவிடும்.

அப்புறம் சாக்ஸ் என்ற ஒலி மாற்றும் நிரலில் ஒரு சின்ன சுழற்சிக் கட்டளை. டீ குடித்துவிட்டு வருவதற்குள் 6300 கோப்பும் தயார்.

ஆனால் எல்லா ஸ்ஃபியர் கோப்பும் இப்படி அடங்காது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் தொகுப்பு 'ஷார்ட்டன்' முறையில் சுருக்கப்பட்டது. ஹெடரிலேயே அப்படி எழுதியிருக்கும்; சாக்ஸ் அதை மாற்ற முடியாது என்று பிழை காட்டி நின்றுவிடும்.  அதற்கு, இந்தத் தொகுப்புகளை வெளியிடும் எல்டிசி அமைப்பு தரும் 'எஸ்பிஎச்2பைப்' (sph2pipe) என்ற மாற்று நிரல் வேண்டும். சி மூலநிரலாக வரும், நீங்களே தொகுத்துக்கொள்ள வேண்டும். தொலைபேசி உரையாடல் தொகுப்புகளில் இரண்டு பேரும் இரண்டு சேனலில் இருப்பார்கள். பிரித்து எடுக்காவிட்டால் ஒருவர் அளவு மற்றவர் தலையில் விழும்.

இணையத்தில் பதிவேற்றி மாற்றித் தரும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். உரிமம் பெற்ற தொகுப்பை வெளியாளிடம் கொடுப்பதே வம்பு. சில தளங்கள் நடுவில் எம்பி3 ஆக்கிவிடலாம்; குரல் நடுக்கத்தை அளப்பவர்களுக்கு அது ஆகவே ஆகாது. மாதிரி வீதத்தையும் சும்மா மாற்றாதீர்கள். குறிப்பில் இருப்பது நொடி அல்ல, மாதிரி எண்.

சரிபார்க்கக் கோப்பின் அளவு போதும். ஸ்ஃபியரின் 1024 பைட் ஹெடர் போய், வேவின் 44 பைட் ஹெடர் வருகிறது. எனவே புதிய கோப்பு மூலத்தைவிட 980 பைட் சிறிதாக இருக்க வேண்டும். எனக்குத் தந்த நகலில் ஒவ்வொன்றும் 44 பைட் பெரிதாக இருந்தது.

இதையெல்லாம் காட்டி, பழைய நகலை அழித்துவிடச் சொன்னேன். ஏற்கெனவே சிலர் அதை வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்கள், அழித்தால் பிரச்சினை என்றார் உதவியாளர். பெயரையாவது மாற்றுங்கள் சார் என்றேன். அதற்குத் துறைத்தலைவர் வழியாக விண்ணப்பம் தர வேண்டுமாம்.