இடுப்புச் சுற்றளவும் விந்தணுவும்

திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆன நண்பர் ஒருவர், மனைவிக்கு எல்லாப் பரிசோதனைகளும் முடிந்த பிறகே தன்னுடைய விந்துப் பரிசோதனைக்குச் சென்றார் என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதி அளவுக்கு ஆண் சார்ந்த காரணமும் சேர்ந்திருக்கிறது. அவருடைய அறிக்கையில் விந்தணுக்களின் எண்ணிக்கை குறைவு. ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது, உடன் இணைத்திருந்த இரத்தப் பரிசோதனைத் தாளில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரிக்கு நேராக இருந்த, நீரிழிவைக் காட்டும் 7.9 சதவீதம் என்ற எண்தான்.

வயிற்றில் சேரும் கொழுப்பு வெறுமனே தேங்கிக் கிடப்பதில்லை. அதிலுள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்ற, அது மூளையை எட்டி, விந்தகங்களைத் தூண்டும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்களின் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரையோ, செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டி, விந்தணுவின் டிஎன்ஏ இழைகளையே சிதைக்கக்கூடும். நரம்புகள் பாதிக்கப்பட்டால், விந்து வெளியேறாமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிச் செல்வதும் உண்டு. இதைப் பலர் மருத்துவரிடம்கூடச் சொல்லத் தயங்குகிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று அறிந்தவுடன் அந்த ஊசியைப் போட்டுக்கொள்வது விந்தணு உற்பத்தியை மேலும் அடக்கி, சிலருக்கு முற்றிலும் நிறுத்தியே விடும்.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்களும், முதிர்ந்து வெளிவர மேலும் சில நாட்களும் ஆகின்றன என்பதால், இன்று தொடங்கும் நடைப்பயிற்சியின் பலனை அடுத்த வாரப் பரிசோதனையில் தேடக் கூடாது. நண்பர் மூன்று மாதம் கழித்து வரும் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.