ஏழு பெண்டில் ஐந்து எட்டவில்லை: கிரேடு 6 கிட்டார் தேர்வுக்கு இரண்டு முறை போன கதை

எலெக்ட்ரிக் கிட்டார் கிரேடு 6 தேர்வில் முதல் முறை எனக்குக் கிடைத்தது 58. தேர்ச்சிக்கு 60 வேண்டும். ஸ்கேல், சைட் ரீடிங் (முன்பு பார்க்காத இசைக்குறிப்பைப் பார்த்த உடனே வாசிப்பது) எல்லாம் சுமாராகத் தேறியிருந்தன. மதிப்பெண் போனது மூன்றாவது பாட்டின் சோலோவில்தான். பெண்ட் செய்யும் இடங்களில் சுரம் சேரவில்லை என்று தேர்வாளர் குறிப்பு எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. வேகம் சரி, தாளம் சரி, ஒரு ஃப்ரெட் கூடத் தப்பவில்லை, அப்புறம் என்ன? அன்று ராத்திரி ஃபோனில் பதிவு செய்து கேட்டேன். அந்த சோலோவில் ஏழு பெண்ட். ஐந்து எட்டவே இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃப்ரெட் என்றால் கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை. பெண்ட் என்றால் ஒரு ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தியபடியே பக்கவாட்டில் தள்ளுவது. கம்பி இறுகும், சுரம் ஏறும். ஒரு ஃப்ரெட் உயரம் ஏறினால் அரை, இரண்டு ஃப்ரெட் ஏறினால் ஃபுல், மூன்று ஏறினால் ஒன்றரை. கீபோர்டில் தப்பான கட்டையைத் தொட்டால்தான் தப்பு. இங்கே சரியான ஃப்ரெட்டில் விரல் இருந்தும் அபசுரம் வரும். அதுதான் தொல்லை.

எனக்கு விரலில் பலம் போதவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். கையால் அமுக்கும் ஸ்பிரிங் ஒன்று வாங்கி பஸ்ஸில் போகும்போதெல்லாம் அமுக்கினேன். ஒரு மாதம் போனது. மோதிர விரல் நுனியில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

என் அத்தை வீணை வாசிப்பவர். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் நான் சாதகம் செய்வதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "எந்த சுரத்துல போய் நிக்கணும்னு தெரியாமலே இழுக்கிறியேடா, முதல்ல அதைப் பாடிக் காட்டு" என்றார். பாடினேன். வாயிலும் அது கீழேதான் நின்றது. வீணையில் ஒரே மெட்டில் (அங்கே ஃப்ரெட்டுக்கு அதுதான் பெயர்) கம்பியை இழுத்து இரண்டு மூன்று சுரம் வரை எடுப்பார்கள். போய்ச் சேரும் இடம் காதில் இல்லாமல் அங்கே ஒரு கமகமும் நிற்காது. கிட்டாரிலும் அதே கதைதான் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

அதிலிருந்து நான் செய்த பயிற்சி இது ஒன்றுதான். மூன்றாவது கம்பி, அதாவது ஜி கம்பியில், 7ஆவது ஃப்ரெட் டி சுரம். அதை ஃபுல் பெண்ட் செய்தால் ஈ வர வேண்டும். அதே ஈ இரண்டாவது கம்பியின் 5ஆவது ஃப்ரெட்டில் தயாராக இருக்கிறது. முதலில் அதை மீட்டு, பாடு, பிறகு 7ஆவது ஃப்ரெட்டிலிருந்து தள்ளி அந்த இடத்துக்குப் போ. இரண்டாவது கம்பியில் 8ஆவது ஃப்ரெட் ஜி. அதைத் தள்ளினால் வரும் ஏ, முதல் கம்பியின் 5ஆவது ஃப்ரெட்டில் இருக்கிறது. இப்படி எந்த பெண்டுக்கும் பக்கத்துக் கம்பியிலேயே ஒரு சாட்சி கிடைக்கும். என் சோலோவில் உயிரை வாங்கியது ஜி கம்பி 14ஆவது ஃப்ரெட்டில் ஒன்றரை பெண்ட், ஏ-யிலிருந்து சி வரை. அதற்குச் சாட்சி இரண்டாவது கம்பியின் 13ஆவது ஃப்ரெட்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 60இல் வைத்து, நான்கு தட்டில் மெதுவாக ஏறுவேன். அது பிடிபட்டதும் இரண்டு தட்டு, பிறகு ஒன்று. ட்யூனரை (சுருதி காட்டும் கருவி) பார்த்துக்கொண்டே பெண்ட் செய்யாதீர்கள். கண் பழகும், காது பழகாது. போய்ச் சேர்ந்தபின் கண்ணைத் திறந்து சரிபார்க்க மட்டும் ட்யூனர். நாளுக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. மணிக்கட்டு வலித்தால் அன்றைக்குக் கிட்டாரை மூடி வைத்துவிட வேண்டும்.

கைக்கு வருவோம். மோதிர விரல் ஒன்றே தள்ளக் கூடாது. அதற்குப் பின்னால் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே கம்பியில் உட்கார்ந்து சேர்ந்து தள்ள வேண்டும். கட்டைவிரல் கழுத்தின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொள்ளட்டும். விரல்களை நீட்டித் தள்ளுவதில்லை, பூட்டில் சாவி திருப்புவதுபோல் முன்கையே திரும்ப வேண்டும். இது புரிந்த வாரத்தில் ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டேன்.

கம்பியின் கனம் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் 13 அளவுக் கம்பி (முதல் கம்பி 0.013 அங்குலத் தடிமன்) போட்டார் என்று நானும் கனமான கம்பிக்கு ஆசைப்பட்டவன்தான். அவர் கிட்டாரை அரை சுரம் இறக்கி ட்யூன் செய்தார், அதனால் கம்பி தளரும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அவருக்கு முன்னோடியான ஆல்பர்ட் கிங் இடது கைக்காரர். கம்பிகளை மாற்றிக் கட்டாமல் கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்தார். அதனால் மெல்லிய கம்பிகள் மேலே வந்தன, அவர் கீழ்நோக்கி இழுத்தார். அவரவர் கைக்கு அவரவர் வழி. நான் 10-இலிருந்து 9-க்கு இறங்கினேன், வெட்கப்படவில்லை. என்னுடையது 25.5 அங்குல ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம் அவ்வளவு. 24.75 அங்குல கிட்டாரில் அதே கம்பி கொஞ்சம் தளர்வாகவே இருக்கும், அவர்கள் 10-ஐ வைத்துக்கொள்ளலாம்.

யூனிசன் பெண்ட், அதாவது ஒரு கம்பியைத் தள்ளிப் பக்கத்துக் கம்பியின் அதே சுரத்தோடு சேர்த்து ஒலிப்பது, அது மட்டும் எவ்வளவு பயிற்சி செய்தும் கரகரத்தது. மூன்று வாரம் என்னையே திட்டிக்கொண்ட பிறகுதான் காரணம் தெரிந்தது. என் கிட்டாரின் பிரிட்ஜ் (உடல்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்) ஸ்பிரிங்கில் மிதக்கும் வகை. ஒரு கம்பியைத் தள்ளினால் பிரிட்ஜ் முன்னால் சாயும், மற்றக் கம்பிகள் எல்லாம் சுரம் இறங்கிவிடும். சாட்சிக் கம்பியே பொய் சொன்னால் எப்படி? பின்பக்கத்து ஸ்க்ரூக்களை இறுக்கி, பிரிட்ஜ் கட்டையில் படியும்படி உட்கார வைத்து, மறுபடி ட்யூன் செய்தேன். தீர்ந்தது. பெண்டுக்குப் பின் கம்பி பழைய சுரத்துக்குத் திரும்பவில்லை என்றால் நட் பள்ளத்தில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் வெட்டு) பென்சில் தூள் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள்.

ப்ரீபெண்ட் தனி வேதனை. மீட்டுவதற்கு முன்பே சத்தமில்லாமல் தள்ளி வைத்து, மீட்டியபின் இறக்க வேண்டும். காது உதவிக்கு வராது, கை நினைவு ஒன்றே துணை. நான் கண்ணை மூடித் தள்ளி, மீட்டி, எவ்வளவு தள்ளிப் போனேன் என்று பார்ப்பேன். ஒரு நாளில் இருபது முறை. வளைந்த சுரத்தில் விப்ரேட்டோ (சுரத்தை அசைத்து நடுங்க வைப்பது) போடும்போது பலர் செய்யும் தவறு, இன்னும் மேலே தள்ளுவது. கொஞ்சம் இறக்கி மறுபடி அதே உச்சிக்கு வர வேண்டும். உச்சி அசையக் கூடாது.

டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டால், இறக்கும்போது பக்கத்துக் கம்பி நகத்தில் மாட்டி அலறும். மேலே இருக்கும் கம்பியை ஆள்காட்டி விரல் நுனியாலும், மற்றவற்றை வலது உள்ளங்கையாலும் அடக்குங்கள்.

இரண்டாம் முறை போனபோது புதுக் கம்பியை மூன்று நாள் முன்பே போட்டு, இழுத்து இழுத்துப் பழக்கினேன். முதல் முறை காலையில் போட்டுவிட்டுப் போன முட்டாள்தனம் நினைவிருந்தது. ஏசி அறையில் விரல் விறைத்துப் போகும், காத்திருக்கும்போது வெந்நீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கே இருக்கும் ஆம்ப் உங்களுடையது இல்லை, கெயினை (கரகரப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகை) வீட்டில் வைப்பதைவிடக் குறைத்தே வையுங்கள்.

81 வந்தது. அன்றே வாசித்த பதிவை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அந்த மூணாவது இடம் இன்னும் ஒரு நூல் மேல போகணும்டா" என்றார். ட்யூனரில் பார்த்தேன். ஆமாம், போகணும்.