சும்மா சுற்றி வர 20,000 டாலர்

2015 நவம்பர் 3, செவ்வாய்

மழைக்கு ஒதுங்கியதுதான். உள்ளே பாண்டர்மன் ஃபெலோஷிப் பற்றிய விளக்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து குடையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பத்து நிமிடத்தில் நோட்டை எடுத்துவிட்டேன்.

விதி இவ்வளவுதான்: குறைந்தது எட்டு மாதம், குறைந்தது ஆறு நாடு, அதுவும் உலகின் இரண்டு வெவ்வேறு பகுதிகளிலாவது. தனியாகப் போக வேண்டும். படிப்பு, ஆராய்ச்சி எதுவும் கூடாது. 20,000 டாலர் தருவார்கள்.

கூடாது என்பதைத்தான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். வாழ்க்கையில் யாரும் எனக்கு இப்படி ஒரு நிபந்தனை போட்டதில்லை.

பணம் கொடுத்தவர் டேவிட் பாண்டர்மன். 1963இல் சியாட்டிலில் இருக்கிற எங்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, அப்புறம் ஹார்வர்டில் சட்டம் படித்தவர். அங்கே கிடைத்த ஷெல்டன் ஃபெலோஷிப்பில் ஊர் சுற்றியிருக்கிறார். பின்னாளில் முதலீட்டு நிறுவனம் நடத்திப் பெரும் பணக்காரர் ஆனதும், தான் சுற்றியது மாதிரி இங்குள்ள பிள்ளைகளும் சுற்றட்டும் என்று 1995இல் இதை ஏற்படுத்தினாராம். கோயில் கட்டுவார்கள், குளம் வெட்டுவார்கள், ஊர் சுற்றுவதற்கு அறக்கட்டளை வைத்தவரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

நவம்பர் 8, ஞாயிறு

தீபாவளி செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு வகுப்பு இருப்பதால் இன்றே, சியாட்டிலுக்குத் தெற்கே கெண்டில் இருக்கிற எங்கள் வீட்டில் முறுக்கு. 150ஆம் எண் பஸ்ஸில் போகும்போது நன்றாக ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனேன். ஒன்றும் உதவவில்லை.

"தனியாவா?" என்றாள் அம்மா. எதிர்பார்த்ததுதான். அப்பா கேட்டதுதான் எதிர்பாராதது.

"எட்டு மாசமா? ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

எங்கள் வீட்டில் கிரீன் கார்டு என்பது சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற விஷயம். அத்தை எங்களுக்காக 2000இல் மனுப் போட்டாள். 2011 ஆகஸ்டில்தான் நாங்கள் வந்து இறங்கினோம். மனுப் போட்டபோது எனக்கு ஆறு வயது, வந்தபோது பதினேழு. தூத்துக்குடியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, இங்கே குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிப்ட் பார்க்கிறார் அப்பா. அடுத்த ஆகஸ்டோடு ஐந்து வருடம் முடிகிறது. அதற்கு 90 நாள் முன்பே, அதாவது மே மாதமே, குடியுரிமைக்கு மனுப் போடலாம். மூன்று பேருக்கும் ஆளுக்கு 680 டாலர் எடுத்து வைத்துவிட்டார். நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போனால், தொடர்ந்து இங்கே வசிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை, வீடும் குடும்பமும் இங்கேதான் என்று நாம்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

"நடுவுல ஒரு வாரம் வந்துட்டுப் போயிரு."

"அது கம்பெனி லீவு மாதிரி ஆயிரும்ப்பா."

முறுக்கை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். உடைக்கிற சத்தம் மட்டும் ஹாலிலிருந்து கேட்டது.

நவம்பர் 22, ஞாயிறு

கணக்கு. 20,000ஐ 240 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 83 டாலர். விமானம், விசா, தடுப்பூசி, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் 6,000 ஒதுக்கினால் 58 டாலர். பொலிவியாவில் அது ராஜ வாழ்க்கை என்கிறாள் அறைத்தோழி. அவளுக்கு அமெரிக்க பாஸ்போர்ட். உலக வரைபடத்தில் விரலை எங்கே வைத்தாலும் போகலாம். என் வரைபடம் வேறு. இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு எங்கே கதவு திறக்கும் என்று பார்த்து, அப்புறம்தான் ஆசைப்பட வேண்டும். ஈக்வடாருக்கு விசாவே வேண்டாம். பொலிவியா, தான்சானியா, மடகாஸ்கர் போய் இறங்கி வாங்கிக்கொள்ளலாம். ஜார்ஜியாவுக்கும் துருக்கிக்கும் கிரீன் கார்டு கைகொடுக்கிறது (அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டும்). ஆறு ஆகிவிட்டது. ஆசைக்கும் விசாவுக்கும் நடுவில் இந்த ஆறுதான் மிஞ்சியது என்று கட்டுரையில் எழுத முடியாது.

டிசம்பர் 6, ஞாயிறு

முதல் வரைவை, முன்பு இதே ஃபெலோஷிப்பில் போய்வந்த ஓர் அக்காவிடம் கொடுத்திருந்தேன். நல்ல கட்டுரை என்று எனக்கு நினைப்பு. எல்லாம் உப்பு பற்றி. தாத்தா உப்பளத் தொழிலாளி. பாத்தியில் காலால் மிதித்துத் தரையை இறுக்குவது, உப்பு வாரும்போது குதிகாலில் விழும் வெடிப்பு, வெயிலில் உப்பின் வெள்ளை கண்ணைப் பறிப்பது எல்லாம் எழுதி, அங்கிருந்து ஒரே தாவாகப் பொலிவியாவின் உயுனிக்கு. 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் உப்புத் தரை, கடல் மட்டத்திலிருந்து 3,656 மீட்டர் உயரத்தில்! ஆறு நாட்டிலும் உப்பைத் தேடிப் போவதாகத் திட்டம்.

அவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது ஒரே வரி. இது வாட்சன் ஃபெலோஷிப்புக்கு எழுதியது போல இருக்கிறது என்று.

சரிதான். 1968 முதல் நடக்கும் வாட்சனுக்கு ஒரு தலைப்பு வேண்டும், அதைத் துரத்திக்கொண்டு ஒரு வருடம் நாடு நாடாகப் போக வேண்டும். இவர்கள் கேட்பது தலைப்பே இல்லாத பயணம். உப்பை எடுத்துவிட்டால் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அதைத்தான் எழுத வேண்டும்" என்றார். சொல்பவர்களுக்கு எளிது.

ஊரில் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதை ஆச்சி போனில் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

டிசம்பர் 27, ஞாயிறு

விடுமுறை. வீட்டில்தான். மூன்று வரைவு எழுதி மூன்றையும் அழித்தாயிற்று.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "ஏட்டி, உங்க தாத்தா பத்தியா எழுதியிருக்கே? அவரு அளத்துல நின்னதை மட்டுமா?"

அப்புறம் சொன்னாள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த நாட்களில் தாத்தா ஒரு மஞ்சள் பையில் வேட்டி ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாராம். நாலு நாள், அஞ்சு நாள். எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கும் போனதில்லை, கோயிலுக்கும் இல்லை. ஒருமுறை உடன்குடிக் கருப்பட்டியோடு வந்தார். இன்னொரு முறை செங்கோட்டை போனதாக டிக்கெட்டை வைத்து ஆச்சி கண்டுபிடித்தாள். எங்கே போனீர்கள், எதுக்குப் போனீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்: "சும்மா."

"கையில காசில்லாத மாசத்துல சும்மா போனாரு மனுசன்" என்று இன்னும் ஆறாத கோபத்தோடு சொன்னாள் அம்மா. ஆச்சியின் கோபம் அப்படியே இறங்கி வந்திருக்கிறது.

ராத்திரி ஒன்றரை மணிக்குக் கட்டுரை முடிந்தது. சும்மா என்பதற்கு இங்கிலீஷில் எட்டு வார்த்தை போட்டுப் பார்த்தேன், எதுவும் உட்காரவில்லை. கடைசியில் அந்தச் சொல்லையே அப்படியே வைத்துவிட்டேன். நான் இதுவரை போன ஒவ்வொரு பயணத்துக்கும் கையில் ஒரு ஃபைல் இருந்தது, தாத்தாவுக்கு மஞ்சள் பை மட்டும்தான் என்று ஆரம்பித்து.

2016 ஜனவரி 12, செவ்வாய்

இந்த வாரம் அனுப்ப வேண்டும். காலையில் அப்பாவின் போன். இஸ்தான்புல் சுல்தான் அகமது சதுக்கத்தில் குண்டுவெடிப்பு, இறந்தவர்கள் எல்லாம் சுற்றுலா வந்தவர்கள். இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் டிவி முன் உட்கார்ந்திருக்கிறார்.

"உன் லிஸ்ட்ல அந்த ஊரு இருக்குல்ல?"

இருந்தது. எடுத்துவிட்டு கம்போடியா சேர்த்தேன். பயத்தில் எடுத்தேனா, அப்பாவுக்காக எடுத்தேனா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

பிப்ரவரி 24, புதன்

நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்!

மார்ச் 16, புதன்

தேர்வு வாரத்தில் நேர்காணல். குவாட் சதுக்கத்தில் செர்ரி மரங்கள் பூத்துக்கிடக்கின்றன, நடுவில் ஆயிரம் கேமரா. இந்த மரங்களே வேறு இடத்தில் இருந்தவை. 1960களில் நெடுஞ்சாலை போடுவதற்காகப் பிடுங்கி இங்கே கொண்டுவந்து நட்டார்களாம். பதற்றத்தில் இதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன்.

முதல் கேள்வியே அந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்பது. சொன்னேன். மேசையைச் சுற்றி எல்லாரும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார்கள். "சம்மா", "சூமா". கடைசியில் இருந்தவருக்கு மட்டும் சரியாக வந்தது.

அடுத்து, முன்பின் தெரியாத ஊரில் மூன்று நாள் யாரோடும் பேசாமல் போனால் என்ன செய்வீர்கள் என்றார்கள். 2011இல் கெண்ட் உயர்நிலைப் பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரங்களைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் என்ன, மூன்று வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன். அதற்குப் பதில் டைரி எழுதுவேன், நடப்பேன் என்று ஏதோ சொல்லிவைத்தேன். படி இறங்கும்போதுதான் உண்மையான பதில் ஞாபகம் வந்தது. எனக்கு எப்போதும் படியில்தான் வரும்.

மார்ச் 19, சனி

பல்கலைக்கழகத்துக்கு இன்று லைட் ரயில் வந்துவிட்டது. புது ஸ்டேஷன், திறப்பு நாள். ரயில் என்றால் அப்பாவுக்குப் பைத்தியம், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பூமிக்கடியில் எஸ்கலேட்டர் இறங்கிக்கொண்டே இருந்தது. வரிசையில் நின்று ஏறினோம். பத்து நிமிடத்துக்குள் டவுன்டவுன். இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறித் திரும்பி வந்தோம். அப்பா மறுபடி ஒரு தரம் போகலாம் என்றார்.

இரண்டாவது சுற்றில், ஜன்னலில் தெரிந்த இருட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஜார்ஜியாவுல, அந்தத் திபிலிசியில, 1966லயே மெட்ரோ விட்டுட்டான்."

நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் நிறுத்திவிடுவார் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து, கிடங்கில் கூட வேலை பார்ப்பவர் மகனும் ஏழு மாதம் வெளியே இருந்துவிட்டு வந்ததாகவும், வீட்டு வாடகைச் சீட்டு, வரிக் காகிதம் எல்லாம் காட்டிச் சமாளித்ததாகவும் சொன்னார். "எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கணும், அவ்வளவுதான்."

ஏப்ரல் 8, வெள்ளி

இல்லை.

மரியாதையான மின்னஞ்சல். மூன்று முறை படித்தேன். வகுப்புக்குப் போனேன், வந்தேன். அம்மாவிடம் சொன்னபோது "சரி விடு" என்றாள். குரலில் நிம்மதியை மறைக்கத் தெரியவில்லை, பாவம்.

ஏப்ரல் 10, ஞாயிறு

கெண்ட். அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. காலையிலிருந்து "யாருக்குத்தான் குடுத்தானாம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? அத்தைக்குப் போன் போட்டு, ஏதோ அவருடைய மனுவையே தள்ளுபடி செய்த மாதிரி கால் மணி நேரம் நியாயம் கேட்டார்.

மேசையில் மூன்று குடியுரிமை விண்ணப்பங்கள் கிடந்தன. என்னுடையதை நிரப்ப உட்கார்ந்தேன். கடந்த ஐந்து வருடத்தில் நாட்டை விட்டு வெளியே போன ஒவ்வொரு பயணத்தையும் எழுதச் சொல்லி ஒரு அட்டவணை. எனக்கு எழுத ஒன்றே ஒன்று, 2014இல் தாத்தா காரியத்துக்குப் போன பதினெட்டு நாள். மீதிக் கட்டங்கள் காலி.

அப்பா அலமாரியைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். நம்பர் பூட்டு, பைக்குப் போடுவது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. கடை ரசீது உள்ளேயே இருந்தது, பிப்ரவரித் தேதியில்.

"திருப்பிக் குடுத்துரலாமாப்பா?"

"அது எதுக்கு? கிடக்கட்டும்" என்று திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்கப் போனார்.